எஸ்தர் சொன்ன சாட்சி

மகனே,

நீயும் எஸ்தரும் மதுரைக்குக் குடிபோய் இரண்டு வாரம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வாடகை வீட்டு வாசலில், குட்டி யானை வண்டியில் கட்டிலையும் பீரோவையும் உன் புத்தகப் பெட்டிகளையும் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு, "அப்பா, நீங்களும் கூட வாங்க" என்று கூப்பிட்டாய். "எனக்கு இங்க வேலை கெடக்கு" என்றேன். என்ன வேலை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. மில்லில் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், உன் அம்மாவும் போய்விட்டாள், இந்த ராஜபாளையத்தில் என்னைத் தேடுகிறவர்கள் கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் பால்காரரும்தான். ஆனாலும் செமினரி குவார்ட்டர்ஸில் இருக்கிற இரண்டு அறைக்குள், இப்போதுதான் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்க முடியாது. இதை வாசலில் நின்று சொல்ல வரவில்லை. நேரில் பேசினால் நான் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியைத் தெரிந்துகொண்டு நீ உன் படிப்பையும் ஊழியத்தையும் குடும்பத்தையும் நடத்து.

உன் அம்மா இறந்த அடுத்த வருடம், மில் ஆபீசில் நல்ல வேலையில் இருந்த நீ, போதகராவதற்குச் செமினரியில் படிக்கப் போகிறேன் என்றாய். நான் சரி என்று மட்டும் சொன்னேன். எனக்கு வேதம் தெரியாது. பண்டிகைக்குக் கோவிலுக்குப் போவேன், காணிக்கை போடுவேன், பிரசங்கத்தில் பாதியில் தூங்குவேன். வீட்டில் பக்தி எல்லாம் உன் அம்மா பொறுப்பில் இருந்தது. பிறகு, பொங்கல் முடிந்த வாரத்தில், தளவாய்புரத்துப் பெண் எஸ்தரை உனக்குக் கட்டி வைத்தோம். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்காக அங்கே வீடு பார்த்தீர்கள். நீ திங்கள் முதல் வெள்ளி வரை மதுரையில் விடுதி. வெள்ளி ராத்திரி வருவாய், சனிக்கிழமை, செமினரி உன் பொறுப்பில் விட்டிருந்த மம்சாபுரம் சபையில் வீடுகளைப் பார்க்கப் போவாய், ஞாயிறு ஆராதனை, சாயங்காலம் மதுரை பஸ். அவளுக்கோ மாறி மாறி டூட்டி. நீ வீட்டில் இருக்கும்போது அவள் வார்டில் இருப்பாள். அவள் வரும்போது நீ கிரேக்கப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே தூங்கியிருப்பாய். நான் காய்கறி கொண்டுவந்து கொடுக்க வரும்போதெல்லாம் இதைப் பார்த்தேன். புதிதில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு உனக்கு மறந்திருக்காது. அன்றைக்கு என்னையும் மம்சாபுரத்துக்கு வரச் சொல்லியிருந்தாய். பூசணிக்காயும் வாழைத்தாரும் நெல்மூட்டையும் பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடந்தன. நான் கடைசியில் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உன் பிரசங்கத்தில் நான் தூங்கவில்லை. பெற்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை, நன்றாகவே பேசினாய். அது முடிந்து சாட்சி சொல்கிற நேரம் வந்தது. ஒருவர் எழுந்து, வற்றிப்போன கிணற்றில் தண்ணீர் ஊறியதைச் சொன்னார். ஒரு அம்மா, மகன் பட்டாளத்திலிருந்து சுகமாக லீவில் வந்திருப்பதைச் சொன்னார். அப்போது சபை மூப்பர் சிரித்துக்கொண்டே, "நம்ம பாஸ்டரம்மா இதுவரைக்கும் வாயே தொறக்கல. இன்னைக்கு ஒரு சாட்சி சொல்லணும்" என்றார். முந்தின ராத்திரி டூட்டி முடித்துவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள் எஸ்தர். எழுந்து நின்றாள்.

"எனக்குச் சாட்சின்னு ஒண்ணும் இல்ல. ஒரு ஜெப விண்ணப்பம்தான் இருக்கு. கல்யாணம் ஆகி ஏழெட்டு மாசம் ஆகப்போகுது. எங்க வீட்டுக்காரவியளோட ஒருநா முழுசா நான் இருந்ததில்ல. ஒரே ஒருநா கெடைக்கணும்னு எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க."

சபை முழுக்கச் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "ஆமென்!" என்று உரக்கச் சொல்ல, இன்னும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் உன் காது சிவந்துவிட்டது; சின்ன வயதிலிருந்தே உனக்குக் கோபம் வந்தால் காதுதான் காட்டிக்கொடுக்கும். அவள் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். அத்தனை பேரில் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது. தனியாக இருக்கிறவனுக்கு இன்னொரு தனி ஆளின் குரல் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

சாப்பாடு முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் பேசியது என் காதில் விழுந்தது.

"எல்லார் முன்னாலயும் என்னைய அசிங்கப்படுத்திட்ட" என்றாய்.

"நான் ஜெபத்துக்குத்தான கேட்டேன்."

"அதுக்கு இதுதான் எடமா?"

"வேற எந்த எடத்துல உங்களப் பாக்க?"

நீ திரும்பி நடந்தாய். என் பக்கம் வந்து, "அப்பா, எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கணும். பாத்துட்டு அப்படியே மதுரைக்குப் போயிருதேன். அவள ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல ஏத்தி விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, மூப்பர் பைக்கில் ஏறிப் போய்விட்டாய். நாங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் முதலில் வந்தது. "ஏறு தாயி" என்றேன். அவள் ஏறவில்லை. கண்டக்டர் விசில் அடித்து, பஸ் கிளம்பிப் போன பிறகுதான் வாய் திறந்தாள். "மாமா, நானும் உங்ககூட ராஜபாளையத்துக்கு வாரேன். எங்கம்மா வீட்டுக்குப் போனா ஊரே என்ன ஏதுன்னு கேக்கும். உங்க வீட்டுக்குன்னா, மாமனாரப் பாக்க வந்திருக்கான்னு விட்டுருவாக." சண்டைக்குப் பிறகும் உன் மானத்தை யோசித்துத்தான் அவள் பஸ் மாறினாள். இது உனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து, உன் அம்மா படுத்திருந்த அறையைத் திறந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் ஜெபத்துக்கு என்று பாயை விரித்து வேதாகமத்தைக் கையில் எடுத்தாள். ஒரு சங்கீதத்தை வாசித்தாள். கண்ணை மூடினாள். பேச்சே வரவில்லை. கண்ணைத் திறந்து, "மாமா, எனக்கு ஜெபம் வரமாட்டேங்கு. நீங்க பண்ணுங்க" என்றாள். "எனக்கும் வாரதில்ல தாயி. உங்க அத்த போன நாள்லருந்து கோவில்ல சும்மாதான் உக்காந்துட்டு வாரேன்" என்றேன். இதுவரை யாரிடமும் நான் சொல்லாதது. உன்னிடம் எப்படிச் சொல்வேன், நீ செமினரியில் படிக்கிறவன், கவலைப்படுவாய். அவள் எனக்குப் புத்தி சொல்லவில்லை, வசனம் சொல்லவில்லை. "சரி மாமா, ரெண்டு பேரும் சும்மா இருப்போம்" என்றாள். அப்படியே உட்கார்ந்திருந்தோம். தெருவில் பூக்காரி போனாள், பக்கத்து வீட்டில் தெலுங்கில் யாரோ யாரையோ பள்ளிக்கூடத்துக்கு விரட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் எழுந்து, இட்லிக்குத் தட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து இங்கிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தாள். சாயங்காலம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு பேசுவாள். உன்மேல் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. "அவிய மேல எனக்குக் கோவம் இல்ல மாமா. பயமா இருக்கு" என்றாள். என்ன பயம் என்று கேட்டேன். "போன் பண்ணுனா ரெண்டே கேள்விதான் கேக்காவ. சாப்டியா, ஜெபம் பண்ணியா. நான் வார்டுல பேஷண்டுகிட்ட கேக்குத மாதிரி. சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. பதில் சொல்லுததுக்குள்ள நான் அடுத்த கட்டிலுக்குப் போயிருவேன். அதே மாதிரி அவியளும் போயிருதாவ." இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, "இன்னும் பத்து வருசம் கழிச்சும் நான் எல்லாருக்கும் பாஸ்டரம்மாவாத்தான் இருப்பேன். எஸ்தர்னு கூப்பிட அவியளாவது வேணும்லா?" என்றாள்.

அவளுக்கு நான் எங்கள் கதையைச் சொன்னேன். உனக்கும் சொன்னதில்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் எனக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். உன் அம்மாவுக்குப் பேண்டேஜ் கம்பெனியில் பகல் வேலை. நான் வீட்டுக்கு வரும்போது அவள் கம்பெனியில் இருப்பாள். ஒரே வீட்டில் குடியிருந்து, கொடியில் காய்கிற துணியைப் பார்த்துத்தான் மற்றவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம். ஒருநாள் காலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் தூக்குவாளியோடு நிற்கிறாள். கம்பெனிக்குப் போகிற வழி அது இல்லை. சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். "ஏன் இங்க வந்த?" என்று கேட்டேன். "டீ குடிக்க" என்றாள். இரண்டு பேரும் நின்றபடியே குடித்தோம். அவள் ஓடிப்போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். கூட வேலை பார்க்கிறவர்கள், "ஏலே, புது மாப்பிள்ளைக்கு வீட்டுல டீ கெடையாதாம்லே" என்று கேலி செய்தார்கள். எனக்கு ஷிப்ட் மாறுகிறவரை, மழையானாலும் வந்துகொண்டிருந்தாள். அங்கே நின்று பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. அரிசி தீர்ந்ததையும், சூப்பர்வைசர் திட்டியதையும் பேசினோம். என் கல்யாண வாழ்க்கை ஆரம்பித்த இடம் எது என்று கேட்டால் அந்த டீக்கடை என்றுதான் சொல்வேன். எஸ்தர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அத்தைக்கு எம்புட்டு தைரியம்" என்றாள்.

அந்த நாட்களில் நீ அவளுக்குப் போன் செய்துகொண்டுதான் இருந்தாய். "வீட்லதான் இருக்கேன்" என்பாள். எந்த வீடு என்று நீ கேட்கவில்லை. நானாவது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். காரணம் வேறொன்றும் இல்லை. அடுக்களையில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது, யாரோ குளியலறையில் பாடினார்கள், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு ஆளை எதிர்பார்த்து நிற்கிற வேலை எனக்கு இருந்தது. இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே என்று தோன்றியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்காரர் உனக்குப் போன் செய்து, வீடு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பூட்டியே கிடக்கிறதே என்று கேட்ட பிறகுதான் உனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை மத்தியானம் நீ வந்து நின்றாய். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அன்றைக்கு உனக்கு ஏதோ பரீட்சை என்று பிறகுதான் சொன்னாய்.

"எஸ்தர் எங்கப்பா?"

"வேலைக்குப் போயிருக்கா."

"இங்கயா இருக்கா?"

"இங்கதான் இருக்கா."

அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாய். உன் அம்மா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அழுத பிறகு அன்றைக்குத்தான் நீ அழுது நான் பார்த்தேன். "யாருக்குப்பா நான் நேரம் குடுக்க? படிப்புக்கா, சபைக்கா, அவளுக்கா? கிளாஸ்ல தூங்குதேன். சபைல யாராவது கஷ்டத்தச் சொல்லும்போது மனசுக்குள்ள பஸ் டைம் பாக்குதேன். ஆண்டவருக்காகத்தானே எல்லாத்தையும் பண்ணுதேன், ஏன் எல்லாமே அரைகொறையா இருக்கு?" என்று கேட்டாய். நான் அன்றைக்குச் சொன்னது, "மொதல்ல சாப்பிடு" என்பதுதான். அவள் காலையில் வைத்துவிட்டுப் போன புளிக்குழம்பை ஊற்றினேன். நீ இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். சாப்பிட்ட பிறகு, "இங்க உக்காந்து அவளுக்காகக் காத்திருக்காத. ஆஸ்பத்திரி வாசல்ல போய் நில்லு" என்றேன். நீ உடனே கிளம்பினாய்.

அங்கே நடந்ததை எஸ்தர் எனக்குச் சொன்னாள். டூட்டி முடிந்து வெளியே வந்தவள், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உன்னைப் பார்த்ததும் பயந்துபோய், "மாமாவுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டிருக்கிறாள். வேலை நாளில் நீ வந்து நிற்க வேண்டும் என்றால், யாராவது செத்திருக்க வேண்டும் என்று அவள் மனசு முடிவு கட்டியிருக்கிறது. இதை நீ ஒருபோதும் மறக்காதே. "அப்பா நல்லாருக்காரு. உன்னையப் பாக்கத்தான் வந்தேன் எஸ்தர்" என்று சொன்னாயாம். பிறகு இரண்டு பேரும் தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும், பஸ் ஸ்டாண்டிலிருந்து மறுபடி தேரடி வரைக்கும் நடந்துகொண்டே இருந்திருக்கிறீர்கள். என்ன பேசினீர்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் அவள் பையை எடுக்க வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அந்தப் பையை நான்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ செய்தது லேசான காரியம் இல்லை. மம்சாபுரம் சபை உனக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொரு மாணவரிடம் ஒப்படைத்தாய். குடும்பத்தோடு இருக்க ஒரு குவார்ட்டர்ஸ் காலியாகிறது என்று தெரிந்து, செமினரி முதல்வர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டு வாங்கினாய். பாடங்களைக் குறைத்து எடுத்துக்கொண்டதால் படிப்பு முடிய ஒரு வருடம் கூடப் பிடிக்கும் என்றாய். எஸ்தரும் இங்கே வேலையை விட்டுவிட்டு, மதுரையில் பகல் டூட்டி மட்டும் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். போன வாரம் சந்தையில் மம்சாபுரம் மூப்பரைப் பார்த்தேன். "ஒங்க மகன் பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஊழியத்த விட்டுட்டுப் போயிட்டாரே" என்றார். "பொண்டாட்டி பேச்சக் கேக்கத்தான்யா கல்யாணம் பண்ணி வச்சோம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு அவரே, அந்த ஞாயிற்றுக்கிழமை 'ஆமென்' சொன்னது தன் மனைவிதான் என்றார். அந்த அம்மா அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவரைப் பார்த்து, "எனக்கும் அதான் ஜெப விண்ணப்பம்" என்று சொன்னாராம்.

எனக்கு உன்னைப் போலப் பிரசங்கம் தெரியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கு நீ ஒரு சபைக்குப் போதகராகப் போவாய். என்னைப் போல, மனைவியை இழந்த ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். வாசலிலேயே நின்று வசனம் வாசித்து, ஜெபித்து, அடுத்த வீட்டுக்கு ஓடாதே. உள்ளே போய் உட்கார். பேச்சு வராவிட்டால் பேசாமல் இரு. அவர் கொடுக்கிற காப்பி ஆறிப்போயிருந்தாலும் குடி. இதை உனக்குச் சொல்லிக்கொடுக்க எந்தப் புத்தகமும் வேண்டாம். பக்கத்தில் இருக்கிற எஸ்தரைக் கேட்டால் போதும். அவள் எனக்குச் செய்தது அதுதான். அவள் போன பிறகு ஒருநாள் காலையில், பாயை விரித்து நானே உட்கார்ந்து பார்த்தேன். "ஆண்டவரே, இவங்க ரெண்டு பேரும்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. ஆனாலும் அவ்வளவாவது வந்தது.

போன சனிக்கிழமை பழக்க தோஷத்தில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். பஸ் பாதி தூரம் போன பிறகுதான், அங்கே யாரும் இல்லை என்று உறைத்தது. இறங்கவும் மனசு வரவில்லை. உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். வேறு யாரோ குடிவந்து, மாடியில் துணி காயப் போட்டிருந்தார்கள். சின்னக் குழந்தையின் சட்டைகளும் இருந்தன. காயை அந்த வீட்டுப் பெண்ணிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். யார் நீங்கள் என்று கேட்டாள். முன்னால் இருந்தவர்களுக்கு வேண்டியவன் என்றேன்.

இதைப் படித்துவிட்டு என்னை அங்கே கூட்டிப்போக வண்டி ஏறாதே. நான் வர மாட்டேன். நீங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் சோறு தின்கிறீர்கள் என்பது எனக்கு இங்கிருந்தே சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். தினமும் விடியும்போது என் போனுக்கு ஒரு வசனம் அனுப்புகிறாய். அதன் கீழே, 'உங்களுக்காக ஜெபிக்கிறேன் அப்பா' என்று எழுதுகிறாய். படிக்கிறேன். நீ ஜெபிப்பது கடவுளுக்குக் கேட்கும். எனக்கு இவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை. அதனால் கூப்பிட்டுப் பேசு. வகுப்பில் யார் தூங்கினார்கள், எஸ்தர் எதற்காக உன்னைத் திட்டினாள், வாய்க்கு வந்ததைச் சொல். என்னைப் பற்றி ஆண்டவரிடம் பேசியது போதும் ஐயா, கொஞ்சம் என்னிடமும் பேசு.

அப்பா